பிராக், வியன்னா, புடாபெஸ்ட்: ரயிலில் முதல் தடவை போகிறவர்களுக்கு

பிராக், வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட் நான்கும் முறையே செக், ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி என்ற நான்கு நாடுகளின் தலைநகரங்கள். ஆனால் ஒரே ரயில் பாதையில் கோத்த மாதிரி அடுத்தடுத்து இருக்கின்றன. அடுத்தடுத்த எந்த இரண்டு ஊருக்கும் இடையில் ஏறக்குறைய நான்கு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் உட்கார வேண்டியதில்லை. இறங்கும் நிலையமும் ஊருக்குள்ளேயே இருக்கும்.

ரயிலில் ஏறிவிட்டால் கவலை இல்லை. அதற்கு முந்தைய மாதங்கள்தான் என்னைப் படுத்தி எடுத்தன. விசா கேட்டுப் போனால் ஹோட்டல் பதிவைக் காட்டச் சொல்கிறார்கள். விசா கைக்கு வராமல் ஹோட்டலுக்குப் பணம் கட்டப் பயமாக இருக்கிறது. ரயில் டிக்கெட்டைச் சீக்கிரம் எடுத்தால் மலிவு, ஆனால் எடுத்த பணம் திரும்ப வராது. எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று வரிசையாகச் சொல்ல அப்போது எனக்கு ஆள் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டில், டூர் கம்பெனி இல்லாமல், சொந்தமாகத் திட்டமிட்டுப் போகிறவர்களை மனதில் வைத்து அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் இரவுகளைப் பங்கிடுங்கள்

எந்த ஊரில் என்ன பார்ப்பது என்பதை அப்புறம் யோசிக்கலாம். எந்த ஊரில் எத்தனை இரவு என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். விசா, விமானம், ஹோட்டல், ரயில் எல்லாமே இந்தத் தாளிலிருந்துதான் கிளம்பும்.

பயண நேரங்கள் தோராயமாக இப்படி: பிராக்கிலிருந்து வியன்னா நான்கு மணி நேரம், வழியில் பிர்னோ என்ற செக் நகரம் வரும். வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவா ஒரு மணி நேரம். வியன்னாவிலிருந்து நேராகப் புடாபெஸ்ட் போனால் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள். பிராட்டிஸ்லாவாவிலிருந்து புடாபெஸ்டுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். கூடுதல் நாள் இருந்தால் பிராக்குக்கு முன்னால் ஜெர்மனியின் டிரெஸ்டனைச் சேர்க்கலாம், இரண்டேகால் மணி நேரத் தூரம். வியன்னாவுக்கு மேற்கே இரண்டரை மணி நேரத்தில் சால்ஸ்பர்க் இருக்கிறது. போலந்தின் கிராக்கோவையும் இதே பயணத்தில் நுழைக்கப் பலரும் ஆசைப்படுவார்கள். பத்து நாள் பயணத்தில் அது வேண்டாம். அதற்காக ஒரு முழுப் பகலோ ஓர் இரவோ ரயிலிலேயே போய்விடும்.

பத்து இரவு இருந்தால் பிராக்கில் மூன்று, வியன்னாவில் நான்கு, புடாபெஸ்டில் மூன்று என்று வைக்கலாம். பிராட்டிஸ்லாவாவை வியன்னாவில் தங்கியபடியே ஒரு பகலில் பார்த்துத் திரும்பிவிடலாம். பழைய ஊர் சிறியது, நடந்தே சுற்றலாம்.

ஏதாவது ஒரு நாட்டுக்கு ஓர் இரவாவது கூடுதலாகக் கொடுங்கள். ஒரே விசாவில் போய் வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்கு ஷெங்கன் என்று பெயர். அதன் விதிப்படி அதிக நாட்கள் தங்கும் நாட்டிடம்தான் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். மூன்று மூன்று இரவாகப் பிரித்து வைத்துக்கொண்டு, ஸ்லாட் (விண்ணப்பம் கொடுப்பதற்கான நேரம்) கிடைக்கும் நாட்டிடம் விண்ணப்பிக்கலாம் என்று நினைத்தால் கவுன்ட்டரிலேயே சிக்கல் வரும்.

விமான டிக்கெட்டைப் பிராக்கில் இறங்கிப் புடாபெஸ்டிலிருந்து கிளம்புகிற மாதிரி பாருங்கள். தேடும் இடத்தில் ‘மல்டி சிட்டி’ என்று ஒரு வசதி இருக்கும். வளைகுடா வழியாகப் போகும் பெரிய விமான நிறுவனங்கள் இரண்டு ஊருக்கும் பறக்கின்றன. போக வர ஒரே ஊர் என்று எடுத்தால் சில ஆயிரம் ரூபாய் குறைவாகத் தெரியலாம். புடாபெஸ்டிலிருந்து பிராக் திரும்ப ஏழு மணி நேர ரயிலும் ஒரு பகலும் ஆகும். அதையும் கணக்கில் சேர்த்துவிட்டு முடிவெடுங்கள்.

2. விசா: மூன்று மாதத்துக்கு முன்னால் தொடங்குங்கள்

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே கொடுக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும். முடிவெடுக்க அவர்களுக்கு 15 நாள் அவகாசம். கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் அது 45 நாள் வரை நீளலாம். இதெல்லாம் விண்ணப்பம் கொடுத்த பிறகு ஓடும் கணக்கு. கொடுப்பதற்கு ஸ்லாட் கிடைப்பதே கோடை விடுமுறைக்கு முன்னால் பெரும்பாடு. ஏப்ரல், மே மாதங்களில் போவதாக இருந்தால் பொங்கல் முடிந்த கையோடு ஸ்லாட் தேட ஆரம்பித்துவிடுங்கள்.

கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. இதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் உண்டு. மறுத்தால் எதுவும் திரும்ப வராது. மையத்தில் எஸ்எம்எஸ், கூரியர், தனி அறை என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். எதுவும் கட்டாயம் கிடையாது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம்.

ஆவணங்களில் முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் நாளுக்கு அப்புறமும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், பத்து வருடத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் வேண்டும். போட்டோ 35 × 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி. இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்பதாகவும், எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும். தேதிகளில் முன்னும் பின்னும் ஒரு நாள் சேர்த்து எடுங்கள். இந்தியாவிலிருந்து நள்ளிரவில் கிளம்பும் விமானங்களால் ஒரு நாள் விடுபட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது.

பணத்துக்கு ஆதாரமாக வங்கி ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு கேட்பார்கள். எத்தனை மாதத்துக்கு என்பது நாட்டுக்கு நாடு மாறும், அந்தந்த நாட்டின் பட்டியலைப் பார்த்து எடுங்கள். ஸ்டேட்மென்டில் வங்கி முத்திரை கேட்கிறார்களா என்றும் பாருங்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென்று ஒரு பெரிய தொகையைக் கணக்கில் போட்டு நிரப்பாதீர்கள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைத்தான் அது கிளப்பும். வேலை பார்க்கிறவர்களுக்கு அலுவலகத்தின் விடுப்புக் கடிதம் வேண்டும். அதில் நீங்கள் திரும்பி வந்து வேலையில் சேரும் தேதி இருந்தால் நல்லது.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் உள்ள ஒரு தொல்லை, பெயர். தமிழர்கள் பலருடைய பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ கட்டம் காலியாக இருக்கும். சிலருக்கு அப்பா பெயர் அங்கே போயிருக்கும். விசா விண்ணப்பம், இன்ஷூரன்ஸ், விமான டிக்கெட், ஹோட்டல் நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். இன்ஷியலை ஒன்றில் விரித்து, இன்னொன்றில் சுருக்கி எழுதாதீர்கள். ரயில் டிக்கெட் தளங்கள் இரண்டு கட்டத்தையும் நிரப்பினால்தான் அடுத்த பக்கத்துக்கு விடும். கடைசிப் பெயர் இல்லாத என் மனைவிக்கு ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போட்டேன். டிக்கெட் பரிசோதகர்கள் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

கவரிங் லெட்டரை ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம். யார் போகிறோம், எந்தத் தேதியில் எந்த ஊர், செலவு யாருடையது, திரும்பும் விமானம் எது. இவ்வளவு போதும். ஊருக்கு ஊர் போகும் ரயிலுக்கு டிக்கெட்டே காட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் முதலில் அந்த நாட்டின் பட்டியலைப் பாருங்கள். நான் டிக்கெட் எடுக்கவில்லை. தேதி, ரயில் எண், கிளம்பும் நேரம், சேரும் நேரம் என்று ஓர் அட்டவணை போட்டுக் கடிதத்தோடு இணைத்தேன். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் விசா ஸ்டிக்கரை அங்கேயே படியுங்கள். ‘எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை’ என்பது ஒரு வரி. ‘எத்தனை நாள் தங்கலாம்’ என்பது வேறு வரி. முதல் வரி இருபத்தைந்து நாளைக் காட்டினாலும் இரண்டாவது வரியில் 12 என்று இருந்தால் உங்களுக்கு 12 நாள்தான். எத்தனை முறை நுழையலாம் என்பதையும் பாருங்கள். ஒரே முறை என்று இருந்தால், புடாபெஸ்டிலிருந்து ஒரு நடை பெல்கிரேட் போய் வரலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். செர்பியா ஷெங்கனுக்கு வெளியே இருக்கிறது. போனால் திரும்ப உள்ளே வர முடியாது.

3. விசாவுக்கு முன்னால் வாங்கக் கூடாதவை

ஹோட்டல்களை இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு மட்டும் பதிவு செய்யுங்கள். கடைசி ரத்துத் தேதி விசா முடிவு வரும் நாளைத் தாண்டி இருக்க வேண்டும். ‘பணம் திரும்பக் கிடையாது’ என்ற அறை 15 சதவீதம் மலிவாகத் தெரியும். அதைத் தொடாதீர்கள். விமானத்துக்கும் இதே கதைதான். பல நாடுகள் பதிவு மட்டும் போதும், முழுப் பணம் கட்டிய டிக்கெட் வேண்டாம் என்கின்றன. ரத்து செய்யக்கூடிய பதிவாக எடுத்துக் காட்டுங்கள். ஆனால் அது விமான நிறுவனத்தில் தேடினால் தெரியும் உண்மையான பதிவாக இருக்க வேண்டும். ஏஜென்ட்கள் சிலர் கொடுக்கும் போலிப் பதிவை நம்பி விண்ணப்பிப்பது, விசா கிடைக்காமல் போக நாமே வழி பண்ணுவது.

மலிவு ரயில் டிக்கெட்டை விசா கைக்கு வந்த அன்று எடுங்கள். மூன்று மாதம் முன்னால் தொடங்கச் சொன்னது இதற்காகத்தான். விசா ஆறு, ஏழு வாரம் முன்னதாக வந்துவிட்டால் ரயிலில் மலிவு இடங்கள் இன்னும் மிச்சம் இருக்கும்.

4. ரயில் டிக்கெட்: எங்கே, எப்போது, எவ்வளவு

ஐரோப்பா என்றதும், பல நாட்டு ரயில்களிலும் ஏறிக்கொள்ளும் யூரெயில் பாஸ் எடுக்கச் சொல்வார்கள். இந்தப் பாதைக்கு அது தேவையில்லை. ஒரு மாதத்தில் நான்கு நாள் பயணிக்கும் பாஸுக்கே பெரியவர்களுக்கு 250 யூரோவுக்கு மேல் ஆகும். தனித்தனியாக முன்கூட்டி எடுத்தால் பிராக்–வியன்னா, வியன்னா–புடாபெஸ்ட் இரண்டும் சேர்த்து அதில் கால்வாசிக்குள் முடிந்துவிடும். நினைத்த நேரத்தில் நினைத்த ரயிலில் ஏறுவேன் என்கிறவர்களுக்கும், சுவிட்சர்லாந்து பக்கம் சுற்றுகிறவர்களுக்கும் பாஸ் சரி.

ரயில்வே நிறுவனங்களின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். செக் ரயில்வே செஸ்கே ட்ராஹி, ஆஸ்திரியாவுக்கு ஓபிபி, ஹங்கேரிக்கு மாவ். எல்லாவற்றுக்கும் ஆங்கிலப் பக்கமும் செயலியும் உண்டு. ஒரே ரயிலை இரண்டு நாட்டு நிறுவனங்களும் விற்கும், ஆனால் விலை ஒன்றாக இருக்காது. பிராக்–வியன்னா ரயிலைச் செக் தளத்திலும் ஆஸ்திரியத் தளத்திலும் பார்த்துக் குறைந்ததை எடுங்கள். பொதுவாகக் கிளம்பும் நாட்டின் தளத்தில் முதலில் பார்ப்பது லாபம். இடைத்தரகுத் தளம் ஒன்றில் நான் பார்த்தபோது அதே இருக்கைக்குச் சேவைக் கட்டணம் தனியாக ஏறியது. அந்தப் பணத்தில் பிராக்கில் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்திருக்கும்.

மலிவு டிக்கெட்டுக்கு ஆஸ்திரியாவில் ‘ஸ்பார்ஷீனே’ என்று பெயர். இருபது யூரோவை ஒட்டிய விலையில் தொடங்கும். நாள் நெருங்க நெருங்க ஏறிக்கொண்டே போய், கடைசி நேர முழு விலை அதைப்போல இரண்டு, மூன்று மடங்கில் நிற்கும். மலிவு டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான். அடுத்த ரயிலில் ஏறினால் டிக்கெட் இல்லாத பயணி. வழியில் பிர்னோவில் இறங்கி ஊரைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் தொடரவும் முடியாது. பிர்னோ பார்க்க ஆசை இருந்தால் இரண்டு துண்டாகவே எடுங்கள்.

இருக்கை முன்பதிவு பெரும்பாலான ரயில்களில் தனி. சில யூரோதான், எடுத்துவிடுங்கள். டிக்கெட் இருந்தும் இருக்கை இல்லாமல் நிற்பவர்களை வெள்ளி மாலை, ஞாயிறு மாலை ரயில்களில் பார்க்கலாம். பிராக்–வியன்னா பாதையில் ஓடும் மஞ்சள் நிற ரெஜியோஜெட் ரயிலில் இருக்கை எண் டிக்கெட்டிலேயே வந்துவிடும்.

டிசம்பரில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஐரோப்பா முழுவதும் ரயில் கால அட்டவணை டிசம்பர் இரண்டாவது ஞாயிறை ஒட்டி மாறும். அந்தத் தேதிக்கு அப்புறமுள்ள ரயில்கள் தளத்தில் தாமதமாகத்தான் திறக்கும். கிறிஸ்துமஸ் சந்தை பார்க்கத் திட்டமிட்டவர்கள், ரயிலே இல்லை என்று காட்டுகிறதே என்று பதற வேண்டாம். சில வாரம் கழித்துப் பாருங்கள், வந்திருக்கும்.

பணம் கட்டும்போது நம் ஊர் கார்டு மறுக்கப்பட்டால், வங்கிச் செயலியில் ‘சர்வதேச ஆன்லைன் பரிவர்த்தனை’ என்ற பொத்தானைத் திறந்துவிட்டீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் அது மூடியே இருக்கும்.

5. எந்த நிலையம் என்பதை இரண்டு தடவை படியுங்கள்

ஊர் பெயரை மட்டும் பார்த்து டிக்கெட் எடுத்தால் இடறி விழும் இடம் இதுதான்.

பிராக்கில் முதன்மை நிலையம் ஹ்லாவ்னி நாட்ராஜி. ஹோலெஷோவிட்சே என்று இன்னொரு நிலையம் இருக்கிறது, பெர்லின், டிரெஸ்டன் பக்கத்திலிருந்து வரும்போது முதலில் அதுதான் வரும். பிராக் வந்துவிட்டது என்று அவசரப்பட்டு இறங்கிவிடக் கூடாது. வியன்னாவிலும் ஹவுப்ட்பான்ஹோஃப் என்ற முதன்மை நிலையத்தைத் தவிர மைட்லிங், மேற்கு நிலையம் என்று வேறு பெரிய நிலையங்கள் உண்டு.

பிராட்டிஸ்லாவாவுக்கு வியன்னாவிலிருந்து இரண்டு வழி. ஒன்று முதன்மை நிலையமான ஹ்லாவ்னா ஸ்டனிட்சாவுக்குப் போகும், இன்னொன்று டான்யூப் ஆற்றுக்குத் தெற்கே உள்ள பெட்ர்ஷால்காவுக்கு. போய் வர எடுக்கும் சலுகை டிக்கெட் இரண்டு வழிக்கும் பொருந்தும், பிராட்டிஸ்லாவாவின் டிராமும் பேருந்தும் அதிலேயே சேரும். பெட்ர்ஷால்காவிலிருந்து பழைய ஊருக்குப் பேருந்து பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

புடாபெஸ்டில் கவனம் தேவை. வியன்னாவிலிருந்து வரும் ரெயில்ஜெட் என்ற விரைவு ரயில் கெலெட்டி நிலையத்துக்கு வரும். பிராக்கிலிருந்து பிராட்டிஸ்லாவா வழியாக வருவது ந்யுகாட்டி நிலையத்துக்கு. இரண்டும் வேறு வேறு பகுதி. ஹோட்டல் எடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வேகம் வேண்டுமென்றால் வியன்னா–புடாபெஸ்ட் நேர் ரயில். எனக்கு மனதில் நிற்பது பிராட்டிஸ்லாவா வழிதான். ஹங்கேரிக்குள் நுழைந்ததும் ரயில் டான்யூபின் கரையை ஒட்டியே ஓடுகிறது. புடாபெஸ்டை நோக்கிப் போகும்போது வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள். ஆறு அகன்று வளையும், எதிர்க்கரைக் குன்றின் உச்சியில் விஷெக்ராட் கோட்டை தெரியும். தண்ணீருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே சில இடங்களில் ஒரு சாலையும் ஒரு வரிசை மரமும்தான். டிரெஸ்டனிலிருந்து பிராக் வருகிறவர்களுக்கு எல்பே ஆறு இடது பக்கம். முன்பதிவில் இருக்கைப் படம் காட்டினால் ஜன்னல் ஓரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

6. தங்கும் இடமும் பணமும்

நிலையத்துக்கு எதிரிலேயே ஹோட்டல் தேட வேண்டியதில்லை. நிலையத்தைத் தொடும் மெட்ரோ பாதையில் எங்கேயாவது இருந்தால் போதும். பிராக்கில் சி பாதை, வியன்னாவில் யு1, புடாபெஸ்ட் கெலெட்டிக்கு எம்2, எம்4, ந்யுகாட்டிக்கு எம்3. அறை வாடகையில் சேராத நகர வரி என்று ஒன்று உண்டு. பிராக்கில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 50 கொருனா, வியன்னாவிலும் புடாபெஸ்டிலும் வாடகையில் இத்தனை சதவீதம் என்று கணக்கிடுவார்கள். ஹோட்டலில் தனியாகக் கேட்டால் ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகப்படாதீர்கள்.

ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா இரண்டிலும் யூரோ. செக் நாட்டில் கொருனா, ஹங்கேரியில் ஃபோரின்ட். யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டைப் பிராக்கில் தேய்த்தால், யூரோவைக் கொருனாவாக மாற்றுவதற்குப் பல கார்டுகள் மூன்று சதவீதத்துக்கு மேல் பிடிக்கும். வாங்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை, நீங்களாகக் கேளுங்கள். அந்நியச் செலாவணிக் கட்டணம் இல்லாத டெபிட் அல்லது கிரெடிட் கார்டு கிடைத்தால் இந்த இரண்டு நாட்டிலும் அதுவே மேல்.

கடையிலும் ஏடிஎம்மிலும் ‘ரூபாயில் கணக்கிடவா, உள்ளூர்ப் பணத்திலா’ என்று கேட்கும். எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். சுற்றுலாத் தெருக்களில் கடைக்குக் கடை நிற்கும் தனியார் ஏடிஎம்களை விட்டுவிட்டு, வங்கிக் கட்டடத்தில் உள்ள ஏடிஎம்மில் எடுங்கள். பிராக்கில் பணம் மாற்றும் கடை ஏதாவது மோசமான விலை கொடுத்துவிட்டால், 2019 ஏப்ரலிலிருந்து சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது: 1,000 யூரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். ரசீதை மட்டும் தொலைக்காதீர்கள். கையில் கொஞ்சம் சில்லறை எப்போதும் வேண்டும், நிலையக் கழிப்பறைகளுக்குக் காசு.

7. இறங்கும் நாளும் எல்லையும்

2025 அக்டோபர் முதல் ஷெங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாகக் கணினிப் பதிவு வரத் தொடங்கியது. முகத்தைப் படம் எடுப்பார்கள், வரிசை நீளலாம். அதனால் விமானம் இறங்கிய அதே நாளில் அடுத்த ஊருக்கு மலிவு ரயில் டிக்கெட் எடுக்கவே எடுக்காதீர்கள். விமானம் தாமதமானால் டிக்கெட்டும் போச்சு. முதல் இரவு இறங்கிய ஊரில்தான்.

நான்கு நாடுகளும் ஷெங்கன் என்பதால் ரயிலில் எல்லைச் சோதனை இருக்காது என்று நினைப்போம். சில எல்லைகளில் தற்காலிகச் சோதனை நடந்துகொண்டுதான் இருக்கிறது. பாஸ்போர்ட்டைப் பெரிய பெட்டிக்குள் பூட்டி மேலே ஏற்றிவிடாதீர்கள். நாங்கள் வியன்னாவுக்குப் போனபோது செக் எல்லை ஊரான ப்ரெட்ஸ்லாவைத் தாண்டியதும் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். விசா பக்கத்தைத் தேடிப் பிரித்துத் தேதியை விரலால் தொட்டுப் படித்துவிட்டு நன்றி சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு நிமிட வேலை. பாஸ்போர்ட் கையில் இருந்ததால் ஒரு நிமிடம்.

8. ரயில் ஏறும் நாள்

காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் கிளம்பும் ரயில் வசதி. ஹோட்டலைக் காலி செய்துவிட்டு ஏறினால் அடுத்த ஊரில் அறை திறக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். நிலையத்துக்கு அரை மணி நேரம் முன்னால் போனால் போதும். பாதுகாப்புச் சோதனை, செக்-இன் எதுவும் கிடையாது.

பிராக்கில் எந்த பிளாட்பாரம் என்பதைக் கிளம்பச் சிறிது நேரம் இருக்கும்போதுதான் பலகையில் போடுவார்கள். கூட்டம் முழுக்க அண்ணாந்து பார்த்தபடி நிற்கும். எண் விழுந்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் நகர்வார்கள், பெரிய பெட்டியோடு அந்த நெரிசலில் ஓட வேண்டியதில்லை, நேரம் இருக்கும். வியன்னாவில் பிளாட்பாரம் முன்கூட்டியே தெரியும். அங்கே பார்க்க வேண்டியது நீங்கள் ஏற வேண்டிய ரயில் பெட்டி நிற்கும் பகுதி, ஏ, பி, சி என்று எழுத்தால் காட்டியிருப்பார்கள். ரெயில்ஜெட் சிலநேரம் இரண்டு தொடராகக் கோத்து வரும், ஒரு தொடர் மட்டும் எல்லை தாண்டும். ஏறும் முன் கதவருகே உள்ள திரையில் பெட்டி எண்ணையும் ஊர் பெயரையும் பாருங்கள்.

சாமான் பெட்டியை யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் தூக்கப் போவது நீங்கள்தான். படியேறி, மேல் தட்டில் வைத்து, பிராக்கின் கல் பாவிய தெருவில் இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டி, அதற்கு மேல் வேண்டாம். முதன்மை நிலையங்களில் லாக்கர் உண்டு.

தண்டவாள வேலை நடக்கும்போது சில தூரத்துக்கு ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து ஓட்டுவார்கள். முந்தைய நாள் இரவு செயலியில் உங்கள் ரயில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ரயில் ஒரு மணி நேரம் தாமதமாகச் சேர்ந்தால் டிக்கெட் விலையில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரம் என்றால் 50 சதவீதமும் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி கேட்டு வாங்கலாம். மலிவு டிக்கெட்டுக்கும் இது உண்டு. தொகை மிகச் சிறியதாக இருந்தால் மட்டும் கொடுக்க மாட்டார்கள்.

9. ஊருக்குள்

டிராம், மெட்ரோவில் தாள் டிக்கெட் எடுத்தால் அதற்கென உள்ள இயந்திரத்தில் நுழைத்து நேரம் அச்சிட வேண்டும். வாங்கியது மட்டும் போதாது. பரிசோதகர்கள் வெளிநாட்டவர் என்று பார்க்க மாட்டார்கள், அபராதம் பல ஆயிரம் ரூபாய்க்குப் போகும். புடாபெஸ்டில் ஒற்றை டிக்கெட்டில் டிராமிலிருந்து பேருந்துக்கு மாற முடியாது, 24 மணி நேர அல்லது 72 மணி நேர டிக்கெட் எடுத்துவிடுங்கள். வியன்னாவில் விமானத்திலிருந்து இறங்குகிறவர்கள் ‘சிட்டி ஏர்போர்ட் டிரெயின்’ என்ற பச்சை ரயிலின் விளம்பரத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதே நிலையத்திலிருந்து கிளம்பும் எஸ்7 என்ற புறநகர் ரயில், ரெயில்ஜெட் இரண்டும் அதில் பாதி விலைக்கும் குறைவு.

ஹங்கேரி நாடாளுமன்றக் கட்டடத்தின் உள்ளே பார்க்கவும் வியன்னாவின் ஷோன்ப்ருன் அரண்மனைக்கும் நேரம் குறித்த டிக்கெட். வருவதற்கு முன்பே ஆன்லைனில் எடுங்கள். பிராக்கின் யூத அருங்காட்சியகம் சனிக்கிழமை மூடியிருக்கும். ஆஸ்திரியாவில் ஞாயிறன்று கடைகள் கிடையாது. நிலையத்துக்குள் உள்ள சூப்பர்மார்க்கெட் மட்டும் திறந்திருக்கும், தண்ணீர், தயிர், ரொட்டி அங்கே வாங்கலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் சூப்பில் ஜாக்கிரதையாக இருங்கள். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் இறைச்சி வேகவைத்த நீரில் செய்திருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள். செக் நாட்டில் பொரித்த பாலாடைக்கட்டி, ஆஸ்திரியாவில் பாலாடைக்கட்டி சேர்த்த நூடுல்ஸ் மாதிரியான கேஸ்ஷ்பெட்ஸ்லே, ஹங்கேரியில் லாங்கோஷ் எல்லா இடத்திலும் கிடைக்கும். லாங்கோஷ் எண்ணெயில் பொரித்த மாவு, மேலே புளித்த கிரீமும் துருவிய பாலாடைக்கட்டியும். பசியோடு இருக்கும்போது ஒன்று போதும்.

10. கிளம்பும் நாள்

புடாபெஸ்ட் விமான நிலையத்துக்கு டெயாக் ஃபெரென்ட்ஸ் சதுக்கத்திலிருந்து 100இ பேருந்து நேராகப் போகிறது. சாதாரண ஒற்றை டிக்கெட் இதில் செல்லாது, தனி டிக்கெட் வேண்டும். நிறுத்தத்தில் உள்ள இயந்திரத்தில் கார்டு போட்டு எடுக்கலாம். மிச்சமிருக்கும் ஃபோரின்ட்டை அதற்கு முந்தைய நாளே செலவழித்துவிடுங்கள், நம் ஊரில் அதை மாற்றுவது கஷ்டம். வெளியேறும்போதும் எல்லையில் முகப் பதிவு இருக்கும். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்துவிடுங்கள். விசாவுக்காகக் கொடுத்த இன்ஷூரன்ஸ், ஹோட்டல் ரசீதுகள், ரயில் டிக்கெட் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அடுத்த ஷெங்கன் விண்ணப்பத்தில் முந்தைய பயணத்தைக் காட்ட அவை உதவும். முந்தைய மூன்று வருடத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசாவை ஒழுங்காகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு இரண்டு வருட விசா கொடுக்கலாம் என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து இருக்கிறது.